பேர் போடு!
நடவு வயலிலிருந்து 'என்ஜாய் எஞ்சாமி' வரை

'இந்தப் பாட்டு யாருடையது?' என்று கேட்டால் 'மக்களுடையது' என்று பதில் வருகிறது. கேட்க எவ்வளவு நல்லா இருக்கு! மக்கள் என்றால் யாரய்யா? பண்ணையாளும் மக்கள், மிராசுதாரும் மக்கள். சேற்றில் குனிந்து நட்டவளும் மக்கள், வரப்பில் குடை பிடித்து நின்றவனும் மக்கள். ஆனால் அறுப்பு முடிந்து களத்தில் நெல்லை அளக்கும்போது மட்டும் இந்த 'மக்கள்' காணாமல் போய்விடுவார்கள். அங்கே பேர் வரும், பட்டா வரும், காரியக்காரனின் நோட்டு வரும். பாட்டு விசயத்திலும் இதேதான். பாடுகிறவரை எல்லாருக்கும் பொது. காசும் புகழும் வந்து விழும்போது யாரோ ஒருத்தருக்குச் சொந்தம்.

அறிவு என்கிற பாட்டுக்காரனின் கதையை இந்த இடத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். 'சினிமாக்காரன் சண்டை, நமக்கென்ன' என்று ஒதுக்குகிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

2017-இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து ஒரு குழுவைக் கட்டினார்கள். 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்.' அயோத்திதாச பண்டிதர் கொடுத்துவிட்டுப் போன 'சாதி பேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர். கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். அதுவும் மார்கழியில்! சபாக்களுக்கு மட்டுமே எழுதிவைத்த மாசத்தில், சென்னை நகரத்தில், இடஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் பாடினார்கள். அந்த 19 பேரில் ஒருவர் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. இன்னொருவர் இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்து பாடிய பெண். 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பேர் வந்தது.

2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற பாட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போலீஸ் சுட்டுக் கொன்ற மாணவி ஸ்னோலின் பேரிலேயே அதில் ஒரு பாட்டு. பெரிய கம்பெனி கிடையாது, கதாநாயகன் கிடையாது, வாயசைக்க ஆள் கிடையாது. தானே எழுதி, தானே பாடி, தன் பேரிலேயே வெளியிடுவது. சினிமாவை விட்டால் இசையே இல்லை என்று ஆகிப்போன தமிழ்நாட்டில் இதுவே ஒரு கலகம்.

அப்புறம் 2021 மார்ச் 7. 'என்ஜாய் எஞ்சாமி.' தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பு. 'மாஜா' என்ற நிறுவனம் வெளியிட்டது. யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்தப் பாட்டின் உயிர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, திரும்பி வந்த தலைமுறை.

நம்ம காவிரிக் கரைக்கு இது தூரத்துக் கதையா? திருச்சி, தஞ்சாவூர், சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஓட்டிப்போன சனம்தானே அது? நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போன சனமும் இதே சனம்தானே? ஊரில் பண்ணையடிமை, அங்கே தோட்டக் கூலி. 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பிடுங்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று மாடு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். அந்த சனத்தை ஒரு வார்த்தை கேட்டார்களா? அந்தப் பேரேட்டிலும் எண்ணிக்கை இருந்தது, பேர் இல்லை.

'சாமி' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். இந்த டெல்டாவில் பண்ணையாள் மிராசுதாரைப் பார்த்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டியிருந்த சொல் அது. சொல்லாவிட்டால் சவுக்கடி, சாணிப்பால். அதே சொல்லைத்தான் நம்ம கிழவிகள் பேரப்பிள்ளைகளைப் பார்த்து 'எஞ்சாமி' என்று திருப்பிப் போட்டார்கள். மேலே பார்த்து நடுங்கிய சொல்லைக் கீழே இறக்கி, இடுப்பில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தார்கள். எந்தப் பண்டிதரும் செய்யாத மொழி அரசியல் இது. அந்தச் சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோனவன் ஒரு தலித் பாட்டுக்காரன்.

கொண்டுபோனவனுக்கு என்ன கிடைத்தது?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். 'என்ஜாய் எஞ்சாமி'யை எழுதிய, ஷானின் 'நீயே ஒளி'யிலும் பங்குள்ள அறிவு அட்டையில் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். சத்தம் எழுந்த பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு மின் அட்டை வந்தது. பந்தி முடிந்த பிறகு கொல்லைப்புறத்தில் போட்ட இலை! 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர், முதல்வர், உலக நாடுகளின் அணிகள். அந்த மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என்று விளக்கம் வந்தது.

அறிவு வாய் திறந்தார். மெட்டமைத்து, எழுதி, பாடி, நடித்தது நான். ஒரு மெட்டோ ஒரு சொல்லோ யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஆறு மாசம் போலத் தூங்காமல் உழைத்தேன் என்றார். சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அது மூன்று பேரின் கூட்டுப் படைப்பு, வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். அந்த அறைக்குள் எந்த மெட்டை யார் முதலில் முனகினார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. தீயோடும் நமக்குச் சண்டை இல்லை. அந்தக் குரலின் பலம் பாட்டில் இருக்கிறது. மூன்று பேர் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அட்டையிலும் மேடையிலும் ஒவ்வொரு தடவையும் விட்டுப்போகிற ஆள் ஏன் அந்த மூன்று பேரில் ஒரே ஆளாகவே இருக்கிறார்? தற்செயல் ஒரு தடவை வரும். அதே வீட்டு வாசலுக்கே திரும்பத் திரும்ப வந்தால் அதற்குப் பேர் தற்செயலா?

கடைசிக் கூத்து 2024 மார்ச்சில். இந்தப் பாட்டிலிருந்து எங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே மாஜாவைக் குறை சொல்லிப் பேசினார். சமபங்கு, சமபங்கு என்றார்களே... களத்தில் நெல்லே வந்து சேரவில்லையாம்!

நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைக்கிறவன். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவி பணம் எடுக்க வந்தால் கைநாட்டு வாங்குவோம். ஆனால் வெறும் கைநாட்டு செல்லாது. 'இது இன்னாருடைய ரேகைதான்' என்று வங்கிக்குத் தெரிந்த ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு கிழவியுடையது, காசு கிழவியுடையது. ஆனாலும் தாளில் படிக்க முடிகிற பேர் சாட்சிக்காரனுடையது மட்டும்தான். நாட்டுப்புற இயல் என்ற துறை நம்ம சனத்துக்குச் செய்தது இதைத்தான். நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டுத் தொகுப்புகளை எடுத்துப் பாருங்கள். தொகுப்பாசிரியர் பேர் அட்டையில் கொட்டை எழுத்தில். பாடியவள்? 'தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி.' பல தொகுப்புகளில் அதுகூடக் கிடையாது.

ஆறு ஒன்றுதான். திருவையாற்றில் தியாகராசருக்கு வருசா வருசம் ஆராதனை நடக்கிறது. 1847-இல் செத்துப்போனவர். அவர் தன் கீர்த்தனைகளின் முடிவில் தன் பேரை வைத்துவிட்டுப் போனார், முத்திரை என்கிறார்கள். நல்லது, வைக்கட்டும். அந்தச் சமாதிக்குத் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற தேவதாசிப் பெண். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் போராடித்தான் அவரும் பாட வேண்டியிருந்தது. முத்திரை வைத்தவனின் பாட்டு 'சாகித்தியம்', அவன் 'வாக்கேயக்காரன்'. அதே ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த வயலில் நாத்து முடியைப் பிரித்துக்கொண்டே மெட்டும் சொல்லும் சேர்த்துக் கட்டிய பெண்ணின் பாட்டு 'நாட்டுப்புறப் பாட்டு'. ஆசிரியர் கிடையாது, தானாக முளைத்ததாம், கோரை மாதிரி! இப்போது நடவு மெசின் வந்துவிட்டது. அந்தப் பாட்டுகள் போய்க்கொண்டிருக்கின்றன. பேரைக் கேட்டு எழுதாமலே போகின்றன.

பேர் எப்போது கிடைக்கும் தெரியுமா? வசவு விழும்போது கிடைக்கும். கோயில் நுழைவு உரிமையைக் கேட்டு இசைவாணி பாடிய ஒரு பழைய பாட்டை 2024 நவம்பரில் தோண்டி எடுத்து, அவர் மேல் புகார், மிரட்டல், ஆபாச வசை. அப்போது யாரும் 'அது மக்கள் பாட்டு, ஆசிரியர் இல்லை' என்று சொல்லவில்லை. பேர், படம் எல்லாம் கச்சிதமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ராயல்டிக்கு ஆள் தெரியாது, உதைக்க ஆள் தெரியும்!

மாணவத் தோழர்கள் ஒரு விசயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1957-இன் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும்கூட 'இது என் படைப்பு' என்று சொல்கிற உரிமை எழுதியவனை விட்டுப் போகாது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்களுக்குள்ள சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. கம்பெனிக்காரன் நீட்டுகிற தாளில் 'விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதியிருந்தாலும் செல்லாது. 38-பி பிரிவில் பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் தன் பேரைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற உரிமை உண்டு. சட்டம் வந்தால் போதுமா என்றால் போதாது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இதே தஞ்சைக்கு வந்தது. அப்புறமும் 1968 டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள். 1973-இல் உயர்நீதிமன்றம் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. சட்டத்தின் பின்னால் சங்கம் இருந்தால்தான் சட்டம் பேசும். அந்தச் சங்கம் பாட்டுக்காரர்களுக்கு எங்கே?

இப்போது நம்மைப் பார்த்துக் கேட்கிறேன். 'ரோலிங் ஸ்டோன்' அட்டையைப் பார்த்துக் கொதித்தோமே, நம்ம நோட்டீசை எடுத்துப் பாருங்கள். தலைவர் படம், மாவட்டச் செயலாளர் படம், ஒன்றியம், நகரம், கிளை... கீழே கடைசி வரியில் 'மற்றும் தப்பாட்டம், கலை நிகழ்ச்சி'. அடிக்கிறவனுக்குப் பேர் இல்லையா? தலைவர் வருகிறவரை கூட்டம் கலையாமல் இருக்கப் பாடுகிற தோழன், தலைவர் கார் வந்ததும் பாதிப் பாட்டில் மைக்கை விடுகிறான். 'இயக்கத்துக்காகத்தானே' என்று பஸ் காசுகூடக் கொடுக்காமல் அனுப்புகிறோம். கூலி கேட்டால் 'துரோகி'. வெண்மணியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட சனத்தின் வாரிசுகள், கூலி கேட்பதைத் துரோகம் என்று சொல்லலாமா?

மாற்று நம்மிடமே இருந்திருக்கிறது. 'மனுசங்கடா' பாட்டை யார் எழுதியது என்று எந்தச் சேரிப் பிள்ளையைக் கேட்டாலும் இன்குலாப் என்பான். பாடியது யார் என்றால் கே.ஏ. குணசேகரன் என்பான். இன்குலாப் 2016 டிசம்பரில் போனார், குணசேகரன் அதே வருசம் ஜனவரியில் போனார். இரண்டு பேரும் நிற்கின்றன. பொதுச்சொத்தாகவும் ஆச்சு, பேரும் அழியவில்லை. ஆக, மக்கள் பாட்டு என்றால் பேர் இருக்கக் கூடாது என்பது பச்சைப் பொய்.

அறிவும் நின்றுவிடவில்லை. 'அம்பாசா' என்று தனக்கொரு குழுவைக் கட்டினார். 2024-இல் வந்த தன் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பேர் வைத்தார். தியாகராசர் தன் பேரை வைத்தார். இவன் தன் பாட்டியின் பேரை வைத்தான். தேயிலைத் தோட்டத்துப் பேரேட்டில் எண்ணாக இருந்தவளின் பேர் அட்டையில் ஏறிவிட்டது. முத்திரை என்றால் இது முத்திரை!

நாம் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு இறங்குகிற பெண்களிடம், செல்போனை நீட்டிப் பதிவு செய்வதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அவர்களிடம் அனுமதி கேளுங்கள். கட்டுரையில் போட்டால் பேரோடு போடுங்கள். காசு வந்தால் பங்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் குடுப்பீங்கல்ல, தலைவர் படத்துக்கு இடம் ஒதுக்குறதுக்கு முன்னாடி, பாடுறவங்க பேரையும் தப்படிக்கிறவங்க பேரையும் மொத வரியில எழுதுங்க. இடம் பத்தலன்னா தலைவர் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க.