மூன்றரைக் கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டாம்

கொலராடோவின் வடமேற்கில் ஃபிளாட் டாப்ஸ் என்றொரு மலைக்காடு இருக்கிறது. அமெரிக்காவிலேயே எல்க் மான்கள் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோ. அந்த மாநிலத்தின் பெருங்கூட்டம் திரிவது இந்தப் பக்கத்தில்தான். 1964ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய காடுகளுக்குள் ஜீப் மட்டுமல்ல, சைக்கிள்கூடப் போகக் கூடாது. சுட்ட மானின் இறைச்சியை வெளியே கொண்டுவரத் தள்ளுவண்டி உருட்டினாலும் குற்றம். குதிரை இருந்தால் குதிரை, இல்லாவிட்டால் நம் முதுகு. வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் 80, 90 கிலோ தேறும். பத்தாயிரம் அடி உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில், அதை நாலைந்து நடையாகச் சுமக்க வேண்டியவருக்குத் துப்பாக்கியில் அரைக் கிலோ குறைவது பெரிய விஷயம். எடை குறைந்த சேஸிஸ் ரைஃபிள்கள் மலை வேட்டைக்காரர்களை இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம்மவர்களுக்கு வேட்டை என்றதும் மனம் சுருங்கும். இங்கே ஏற்பாடு வேறு. மானின் எண்ணிக்கையை மாநில அரசு மதிப்பிட்டு, எத்தனை உரிமம், எந்தப் பகுதி, எந்த வாரம் என்று வகுத்துக் கொடுக்கிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி, ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் 11 சதவீத வரி வனவிலங்குப் பராமரிப்புக்குத்தான் போகிறது. உண்ணத் தகுந்த இறைச்சியைக் காட்டில் விட்டுவந்தால் வழக்கு. காயப்பட்ட விலங்கைத் தேடிப்போக முயற்சி எடுக்காவிட்டாலும் வழக்கு. இந்தக் கடைசி விதியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

பழைய ரைஃபிளில் இரும்புப் பாகங்களை வால்நட் மரக்கட்டையில் குடைந்து பதித்திருப்பார்கள். மழையில் மரம் ஊறி உப்பும். உப்பிய மரம் குழலை நெருக்கும். நேற்று சரியாக விழுந்த தோட்டா இன்று நாலு விரல் தள்ளி விழும். சேஸிஸில் மரத்துக்கு வேலை இல்லை. லாரிக்கு இருப்பதுபோல ஒரு உலோகச் சட்டம். துப்பாக்கியின் இயங்கு பாகத்தை அதன் மேல் வைத்துத் திருகாணியால் பூட்டிவிடுவார்கள். முன்னால் கை தாங்கும் பகுதி, நடுவில் பிடி, பின்னால் தோளில் பதியும் மடக்குக்கட்டை. 1962இல் வந்த ரெமிங்டன் 700 ரைஃபிளின் அளவுக்குத்தான் பெரும்பாலான சேஸிஸ்கள் செய்யப்படுகின்றன.

இந்தச் சட்டம் முதலில் குறிசுடும் போட்டிக்காரர்களிடம்தான் பரவியது. அங்கே கனம் நல்லது. சேஸிஸ் மட்டுமே இரண்டு கிலோவைத் தாண்டும். அதை மலைக்கு ஏற்றதாக்க, அலுமினியத்துக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எடை குறைந்த மெக்னீசியத்தையும், கைபடும் இடங்களில் கார்பன் இழையையும் கொண்டுவந்தார்கள். கனடாவின் சில்லிவாக்கில் உள்ள எம்டிடி நிறுவனம் தன் வேட்டைச் சேஸிஸுக்கு எச்என்டி26 என்று பெயர் வைத்தது. எடை 26 அவுன்ஸ், ஏறக்குறைய 740 கிராம். கொலராடோவிலேயே, கிராண்ட் ஜங்ஷனில் எக்ஸ்எல்ஆர் நிறுவனம் மெக்னீசியச் சேஸிஸ் செய்கிறது. கார்பன் இழைக் கட்டையோடு இவற்றை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டைக்குச் சொல்லும் எடையில் விசைக்காப்பும் தோட்டாப் பெட்டி பொருந்தும் அடிப்பாகமும் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சேஸிஸில் அவை உள்ளடங்கியவை. சேர்த்துக் கூட்டினால் வித்தியாசம் பாதியாகிவிடும், சில சமயம் ஒன்றுமே இருக்காது.

மலையில் சேஸிஸின் அருமை எடையைவிட அதன் கீலில் இருக்கிறது. ஃபிளாட் டாப்ஸில் 1940களில் பட்டை வண்டு அரித்து ஸ்ப்ரூஸ் மரங்கள் காடு காடாகச் செத்தன. சாய்ந்த மரங்களைத் தாண்டியும் குனிந்தும் போகிற பாதைகள் அந்த மலைகளில் இன்றும் உண்டு. முதுகுப்பையில் கட்டிய நீளத் துப்பாக்கியின் முனை தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு கிளைக்குக் கிளை மாட்டும். பின்கட்டையை மடக்கினால் முக்கால் அடிக்கு மேல் குறைகிறது. குழல் முனையில் சப்தம் குறைக்கும் சப்ரஸர் மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கொலராடோவில் வேட்டைக்கு அதற்கு அனுமதி உண்டு, காதுக்கும் நல்லது. அது அரை அடி நீளத்தைக் கூட்டிவிடுவதால் 18, 20 அங்குலக் குழலும் மடக்குக்கட்டையும் இன்று ஒன்றாகவே விலைபோகின்றன.

கடையில் பார்க்கும்போது கட்டையை நீட்டிப் பூட்டி, முன்பகுதியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, மறு கையால் பின்கட்டையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கீலில் மயிரளவு ஆட்டம் தெரிந்தாலும் வேண்டாம். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் ஸ்கோப்புக்குப் பின்னால் கண் அலையும். பிறகு கம்பளிக் கையுறையோடு பூட்டைத் திறந்து மூடுங்கள். அக்டோபர் விடியற்காலைக் குளிரில் வெறும் உலோகம் விரலைக் கடிக்கும். கன்னம் படுகிற இடமும் கை தாங்குகிற இடமும் கார்பனாகவோ ரப்பராகவோ இருந்தே ஆக வேண்டும். இடுப்புப் பட்டையின் கொக்கியை மெல்லச் சட்டத்தில் தட்டிக் கேளுங்கள். மரம் மந்தமாகச் சத்தமிடும்; உள்ளீடற்ற உலோகம் கணீரென்று கேட்கும். எல்க்கின் காது அதை விட்டுவைக்காது.

எடைக்கு வருகிறேன். டென்வரில் இருக்கும் தம்பி ஒருவர் இந்த வருடம் முதல் முறையாக உரிமம் வாங்கியிருக்கிறார். போனில் உற்சாகமாகச் சொன்னார்: “அண்ணா, மெக்னீசியச் சேஸிஸ், டைட்டானியம் ஆக்‌ஷன், பென்சில் மாதிரி குழல். ஸ்கோப்போட சேத்து மூணு கிலோவுக்குள்ள வந்துடும். தோட்டா செவன் எம்எம் பிஆர்சி.”

2022இல் வந்த அந்தத் தோட்டா நல்ல தோட்டாதான். ஆனால் கணக்கு இருக்கிறது. தோட்டா முன்னே போகும் உந்தமே துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. உந்தம் மாறாமல் துப்பாக்கியின் எடை குறைந்தால், தோளில் விழும் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். நாலரைக் கிலோவை மூன்று கிலோவாக்கினால் இடி ஒன்றரை மடங்கு. அந்த இடிக்குப் பழகாத உடம்பு, விசையை அழுத்தும் கணத்தில் தன்னையறியாமல் சுருங்கும். இன்னொன்று, ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது துப்பாக்கியின் கனம்தான் கைநடுக்கத்தை அடக்குகிறது. கனமில்லாத துப்பாக்கியில் ஸ்கோப்பின் குறிக்கோடு நாடித்துடிப்புக்கு ஏற்ப விலாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

வயிற்றில் குண்டு வாங்கிய எல்க் உடனே சாவதில்லை. யாரோ சுட்டு முன்கால் முறிந்த பெண் எல்க் ஒன்று, கூட்டம் மேடேறிப் போன பிறகு தனியே பனியில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று காலில் நாலடி எடுத்துவைக்கும், நிற்கும், மறுபடி எடுத்துவைக்கும். சுட்டவரின் துப்பாக்கி என்ன எடை என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து யார் துப்பாக்கி எடையைப் பற்றிப் பேசினாலும் எனக்கு அந்த மான்தான் முன்னே வருகிறது. நாம் இறக்கிவைத்த அரைக் கிலோவை அது சுமக்கக் கூடாது.

மலைவேட்டை எழுத்தில் அமெரிக்கர்கள் இன்றும் பெரியவராக மதிக்கும் ஜாக் ஓ’கானர் .270 வின்செஸ்டரை, 1925இல் வந்த தோட்டாவை, வாழ்நாளெல்லாம் போற்றியவர். ஸ்போகேனில் அல் பீசன் கட்டை செதுக்கிக் கொடுத்த அவருடைய துப்பாக்கி ஸ்கோப்போடு எட்டு பவுண்டு, அதாவது மூன்று கிலோ அறுநூறு. மரத்தின் காலத்தில் அந்த எடைக்கு வரப் பெரும் உழைப்பு தேவைப்பட்டது. இன்று சேஸிஸ் அதை எளிதாகக் கொடுக்கிறது. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதற்குக் கீழே ஏன் ஓட வேண்டும்? ஸ்கோப், சப்ரஸர், தோட்டா எல்லாம் சேர்த்து மூன்றரையிலிருந்து மூன்றே முக்கால் கிலோ. மனித உடம்பு மாறவில்லை, மானும் மாறவில்லை. அந்த அளவு இன்றைக்கும் சரிதான்.

தம்பியிடம் சேஸிஸை வைத்துக்கொள்ளச் சொன்னேன். குழலை மட்டும் ஒரு படி தடிப்பாக எடுக்கச் சொன்னேன். துப்பாக்கியின் முன்பாதியில் கனம் இருந்தால் பாறைமேல் பையை வைத்துச் சுடும்போது முனை துள்ளாது. போட்டிக்காரர்களைப் பார்த்து ஒரு கிலோ ஸ்கோப் வாங்கிவிட வேண்டாம் என்றேன். 400 கிராமில் தெளிவான வேட்டை ஸ்கோப்கள் இருக்கின்றன. முந்நூறு மீட்டருக்குள் சுடுகிறவருக்கு அவை தாராளம். எடையைக் குறைக்க வேண்டிய இடம் அது.

“அப்ப ஐந்நூறு மீட்டர் எல்லாம் வேண்டாமா, அண்ணா?” என்றார்.

தோட்டாவை 6.5 கிரீட்மோருக்கு மாற்றிக்கொண்டால் இடியும் குறையும், விலையும் குறையும், அந்தப் பணத்துக்கு நிறையச் சுட்டுப் பழகலாம் என்றேன். முந்நூறில் முழங்காலிட்டு, முதுகுப்பையில் சாய்த்து, கம்பூன்றி, ஒவ்வொரு நிலையிலும் முதல் குண்டே சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் விழட்டும், அப்புறம் ஐந்நூறைப் பேசுவோம் என்றும் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்கு வருகிறார். பையில் பதினைந்து கிலோ கல்லை நிரப்பிக்கொண்டு, மேட்டை ஓடி ஏறி வந்து, மூச்சு அடங்குவதற்கு முன் முதல் குண்டைச் சுட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.