வாசற்கதவு யாருக்காக?

மார்கழி பிறந்துவிட்டால் திருச்சிக்குத் தனிக்களை வந்துவிடும்.

காவிரிக்கு வடக்கே, ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து, இராப்பத்து. காவிரிக்குத் தெற்கே, பாலக்கரையிலும் பொன்மலையிலும் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள். அந்தப் பக்கம் கோலம். இந்தப் பக்கம் குடில்.

இரண்டு கரையிலும் மக்கள் காத்திருப்பது ஒரு கதவுக்காகத்தான்!

வைகுண்ட ஏகாதசி அன்று விடியுமுன் ஸ்ரீரங்கத்தில் பரமபதவாசல் திறக்கும். அதற்காக லட்சக்கணக்கானவர்கள் கொட்டும் பனியில் நிற்கிறார்கள்.

ரோமாபுரியிலும் ஒரு கதவு உண்டு. ஜூபிலி ஆண்டில் மட்டுமே அது திறக்கும். 2024 டிசம்பர் 24-ந் தேதி இரவு, போப்பாண்டவர் பிரான்சிஸ் அதைத் திறந்து வைத்தார். 2025 ஏப்ரலில் அவர் காலமானார். அடுத்து வந்த போப்பாண்டவர் 14-ம் லியோ, 2026 ஜனவரி 6-ந் தேதி அதை மூடினார்.

அந்த ஆண்டுக்கு கத்தோலிக்கர்கள் வைத்த பெயர், "எதிர்நோக்கின் ஆண்டு."

எதிர்நோக்கு என்றால் என்ன?

பழைய ஜெபப் புத்தகங்களில் "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். நடுவில் இருக்கும் நம்பிக்கையைத்தான் இப்போது "எதிர்நோக்கு" என்கிறார்கள்.

நல்ல தமிழ்ச் சொல். வரப்போகும் நன்மையை எதிர்பார்த்து, வழிமேல் விழி வைத்திருப்பது எதிர்நோக்கு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஜூபிலி ஆண்டு, உலகமெங்கும் உள்ள மறைமாவட்டங்களில் 2024 டிசம்பர் 29-ந் தேதி தொடங்கி, 2025 டிசம்பர் 28-ந் தேதி முடிந்தது. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. இரண்டுமே "திருக்குடும்பத் திருநாள்."

குடும்பத்தில் தொடங்கி, குடும்பத்திலேயே முடித்திருக்கிறார்கள். நம்பிக்கை விளையும் நிலம் குடும்பம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

தச்சர் வீட்டுக் கதை

அந்தத் திருக்குடும்பம் செல்வக் குடும்பம் அல்ல. சூசையப்பர் ஒரு தச்சர். மாதா நிறைமாதக் கர்ப்பிணி. அந்த நேரத்தில் ஜனத்தொகைக் கணக்குக்குச் சொந்த ஊர் போகவேண்டும் என்று அரசாங்கத்தின் உத்தரவு. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போவது போல!

போன இடத்தில் சத்திரத்தில் இடம் இல்லை. பிள்ளை பிறந்ததும் கிடத்தியது மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டியில்.

அதோடு துன்பம் தீர்ந்ததா? இல்லை. ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடினான். இரவோடு இரவாக எகிப்து நாட்டுக்கு ஓடினார்கள். இன்று அப்படி வருகிறவர்களை "அகதிகள்" என்கிறோம்.

பைபிளில் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எழுந்தார், மனைவி மக்களை அழைத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான். பேசாத அந்த மனிதருக்கு 3,615 பாடல்களில் காவியம் பாடினார் ஒருவர். அவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். அந்தக் காவியம் 1726-ல் எழுதிய "தேம்பாவணி." திருச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி அவர் வாழ்ந்த ஊர்.

காத்திருக்கும் வீடுகள்

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

திருச்சி விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானங்கள் புறப்படுகின்றன. 2024 ஜனவரியில் பெரிய புதுக் கட்டிடமும் திறந்தாகிவிட்டது. அங்கே பிள்ளையை வழியனுப்பிவிட்டுப் பஸ் ஏறும் பெற்றோரின் முகத்தைப் பாருங்கள்.

பிள்ளை மாதாமாதம் பணம் அனுப்புகிறான். வீட்டுக்கு மாடி எழும்பிவிட்டது. ஆனால், மாடி வீட்டில் இருப்பது இரண்டு கிழங்கள்! இது கிறிஸ்தவர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் இதே கதைதான்.

பிழைப்புக்காகப் பிரிவது புதிதல்ல. எழுத்தாளர் சுஜாதாவின் தகப்பனாருக்கு வெளியூர்களில் உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் பாட்டிதான் பேரனை வளர்த்தார். அந்த ஐயங்கார் வீட்டுப் பிள்ளை காவிரியைத் தாண்டி வந்து படித்தது, சூசையப்பர் பெயரால் விளங்கும் செயின்ட் ஜோசப் கல்லூரியில்! பெற்றோர் தூரத்தில் இருந்தாலும், திண்ணையில் ஒரு பாட்டி இருந்தார். இன்று எத்தனை வீடுகளில் பாட்டியும் தனி, பேரனும் தனி!

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்காக ஏற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று அரசு பெயர் மாற்றியது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. எகிப்துக்கு ஓடிய குடும்பமாவது ஏரோது இறந்ததும் ஊர் திரும்பிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

1223-ம் ஆண்டு, இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசியார் குடில் அமைத்தார். வைக்கோலும், மாடும், கழுதையும் வைத்து, ஆண்டவன் ஏழை வீட்டில் பிறந்தார் என்று ஜனங்கள் கண்ணால் காண வேண்டும் என்பது அவர் ஆசை.

நாம் குடில் கட்டுகிறோம். வண்ண விளக்குப் போடுகிறோம். நல்லதுதான். ஆனால், "இடம் இல்லை" என்ற அந்தச் சத்திரக்காரனின் பதிலை நாம் யாருக்காவது சொல்லியிருக்கிறோமா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே! லீவு கிடைத்தால் வாருங்கள். கிடைக்காவிட்டால், பணம் அனுப்பிய கையோடு போனில் பேசுங்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்டு வைத்துவிடாதீர்கள். அம்மா பேசி முடிக்கும் வரை கேளுங்கள்.

உள்ளூரில் இருப்பவர்களே! பண்டிகைப் பலகாரத்தைத் தெரிந்தவர் வீட்டுக்கே கொடுத்துக்கொண்டிராமல், பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவருக்கும், முகாமில் இருக்கும் குடும்பத்துக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். கொடுத்ததும் திரும்பிவிடாமல், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

பரமபதவாசல் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும். ரோமாபுரிக் கதவுக்கோ பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நம் வீட்டு வாசற்கதவு அப்படி அல்ல. அதன் தாழ்ப்பாள் நம் கையில் இருக்கிறது!