துருவை விரட்டும் ஒளி! கண்ணைக் காப்பது யார்?

இரும்புக்குப் பெரிய எதிரி யார்? அதன் மேலேயே பிறந்து வளரும் துருதான்!

ஈரமும் காற்றும் சேர்ந்து இரும்பைத் தின்கின்றன. இரும்புக்குத் துரு போல, செம்புக்குக் களிம்பு. அலுமினியத்தின் மீதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டு. காற்றில் உள்ள பிராண வாயு உலோகத்துடன் சேர்வதால் உண்டாகும் இந்தப் படலத்தை 'ஆக்சைடு' என்கிறார்கள்.

வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோம். புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கிறது. குடம் பளபளக்கிறது. ஆனால் கப்பலையும் பாலத்தையும் புளி போட்டுத் தேய்க்க முடியுமா?

அதற்காகத் தொழிற்சாலைகளில் அமிலத் தொட்டிகளை வைத்தார்கள். காற்றின் வேகத்தில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். துரு போயிற்று. கூடவே தொழிலாளியின் மூச்சும் போயிற்று!

மணல் உடைந்து பறக்கும் நுண்ணிய தூள் நெஞ்சுக்குள் புகுந்தால் வெளியே வராது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். 'சிலிக்கோசிஸ்' என்பது அந்த நோயின் பெயர். அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றும் இல்லை. காச நோயும் எளிதில் பற்றிக்கொள்ளும். வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலைப் பீய்ச்சக்கூடாது என்று பிரிட்டன் 1949-ம் ஆண்டிலேயே தடை விதித்தது.

மணலும் இல்லாமல், அமிலமும் இல்லாமல் துருவைப் போக்க வழி உண்டா?

உண்டு. அதுதான் லேசர் ஒளி!

தற்செயலாகக் கண்டது

முதல் லேசர் கருவியை 1960-ல் அமெரிக்க விஞ்ஞானி தியோடர் மைமன் செய்து காட்டினார். செயற்கை மாணிக்கக் கல்லில் இருந்து அந்த ஒளி பிறந்தது.

1972-ல் ஜான் ஆஸ்மஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி இத்தாலியில் உள்ள வெனிஸ் நகருக்குப் போனார். பழைய சிலைகளை லேசர் ஒளியால் முப்பரிமாணப் படம் எடுப்பது அவருடைய வேலை. அந்த ஒளி பட்ட இடத்தில், பளிங்குக் கல்லின் மேல் இருந்த கரி அழுக்கு மட்டும் பறந்துவிட்டது. வெண்மையான கல் அப்படியே இருந்தது!

கல்லில் கண்டதைப் பிறகு உலோகத்திலும் செய்து பார்த்தார்கள்.

இது மாயம் அல்ல

வெயிலில் கறுப்புச் சட்டை சுடும். வெள்ளைச் சட்டை அவ்வளவு சுடாது. கறுப்பு ஒளியை விழுங்குகிறது. வெள்ளை திருப்பி அனுப்புகிறது.

துருவும் ஒளியை விழுங்குகிறது. விழுங்கிய உடனே கொதித்து, ஆவியாகவும் தூளாகவும் பறக்கிறது. அடியில் இருக்கும் பளபளப்பான உலோகமோ, கண்ணாடி போல ஒளியின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒளியின் வலிமையைச் சரியான அளவில் வைத்தால், துரு போனதும் வேலை தானே நின்றுவிடும்.

சரி, உலோகமும் சூடாகிவிடாதா? விளக்குச் சுடரில் விரலைச் சட்டென்று ஓட்டி எடுத்தால் சுடுவதில்லை. அங்கேயே வைத்திருந்தால் வெந்துவிடும். அதனால்தான் ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சாமல், விட்டு விட்டுத் துடிப்புகளாக அனுப்புகிறார்கள். ஒரு நொடியை நூறு கோடிப் பங்காகப் போடுங்கள். அதில் ஏறத்தாழ நூறு பங்குதான் ஒரு துடிப்பின் ஆயுள்! சூடு உள்ளே இறங்குவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது.

அலுமினியத்தை வெல்டிங் செய்பவர்களுக்கு இது பெரிய உதவி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் உள்ள ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதை நீக்காமல் வெல்டிங் செய்தால் இணைப்பு உறுதியாக இராது.

சொர்க்க வாசல்

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஒரு வெண்கலக் கதவு உண்டு. லொரென்சோ கிபெர்ட்டி என்ற சிற்பி 1425-ல் தொடங்கி 27 ஆண்டுகள் உழைத்துச் செய்தது. பத்துப் பலகைகளில் பைபிள் கதைகள். மேலே பொன் முலாம். அதற்குச் 'சொர்க்க வாசல்' என்றே பெயர்.

1966 நவம்பரில் வந்த வெள்ளத்தில் சில பலகைகள் பெயர்ந்து விழுந்தன. பொன்னுக்கு அடியில் வெண்கலம் களிம்பேறி, முலாமைக் கொப்பளம் போலத் தள்ளிக்கொண்டிருந்தது. உப்புக் கரைசலில் ஊறவைக்கலாம் என்றால், சட்டத்தில் இறுகியிருந்த சிற்பங்களைச் சேதம் இல்லாமல் கழற்றுவது கடினம். லேசர் ஒளி கைகொடுத்தது. அழுக்குப் போயிற்று, பொன் நின்றது. 2012 முதல் அந்தக் கதவு, ஈரம் அண்டாத கண்ணாடிப் பேழைக்குள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆபத்து எங்கே?

இனிதான் நாம் சொல்ல வந்த செய்தி.

உலோகத்தைக் காக்கும் அதே பளபளப்பு மனிதக் கண்ணுக்கு எமன்! திரும்பி வரும் ஒளி எந்தப் பக்கமும் பாயலாம். இந்த வேலைக்குப் பெரும்பாலும் பயன்படும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது. வலி தெரியும் முன்னே விழித்திரை கருகிவிடலாம். கருவியைப் பிடித்திருப்பவருக்கு மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் அதே ஆபத்துதான்.

கறுப்புக் கண்ணாடி போதாது. சாதாரண வெல்டிங் கண்ணாடியும் போதாது. அந்த ஒளிக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மறைப்பு வேண்டும்.

பறக்கும் புகையும் வெறும் புகை அல்ல. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அது உடையில் ஒட்டி வீட்டுக்கு வந்தால் குழந்தைக்கும் விஷம். புகையை உறிஞ்சும் கருவி கட்டாயம் வேண்டும்.

கருவிக்குப் பல லட்சம் கொடுக்கும் முதலாளி, கண்ணாடிக்குக் கணக்குப் பார்க்கலாமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

தொழிலாளித் தோழரே! பயிற்சி இல்லாமல் இந்தக் கருவியைத் தொடாதீர்கள். கண்ணாடி கொடுத்தால்தான் வேலை என்று கேளுங்கள். கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல, உரிமை.

மணல் பல தொழிலாளர்களின் மூச்சை வாங்கிய பிறகுதான் சட்டம் வந்தது. ஒளி கண்ணை வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். துரு போன இரும்புக்கு மறுபடி பெயின்ட் அடிக்கலாம். போன கண்ணுக்கு என்ன அடிப்பது?