கடைசி வரிசையில் ஒருவன்!



நாடகம் போடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒத்திகை முடிந்து, கொட்டகையில் திரை கட்டியானதும், குழுவில் ஒருவனை அழைத்து, "போ, கடைசி வரிசையில் உட்கார், வசனம் காதில் விழாவிட்டால் கையைத் தூக்கு" என்று அனுப்பி வைப்போம். அவன் நம்மவன், நம்மோடு உண்பவன், நம்மோடு ஊர் ஊராய் அலைபவன். ஆயினும் அந்த ஒரு மணி நேரம் அவன் நம்முடைய ஆள் அல்லன். நாளை காசு கொடுத்து வரப்போகும் மக்களுடைய ஆள்!

ஒருமுறை அப்படிச் சென்ற நண்பர், கதாநாயகன் கோபித்துக் கொள்வாரே என்று அஞ்சிக் கையைத் தூக்காமலே இருந்துவிட்டார். மறுநாள் கொட்டகை முழுவதும் கையைத் தூக்கியது; கூச்சலோடு தூக்கியது! ஒத்திகையில் ஒருவர் சொல்லத் தவறியதை, அரங்கேற்றத்தில் ஆயிரம் பேர் சொன்னார்கள்.

மாநகராட்சி மன்றங்களுக்கும் இதுவே நீதி. மேடையில் நிற்பவன் தன் குரலைத் தானே அளக்க முடியாது. தன்னவன் ஒருவனைக் கடைசி வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அவனும் அஞ்சாது கையைத் தூக்க வேண்டும். தவறினால் என்ன ஆகும்? பர்மிங்காமைக் கேளுங்கள்!

இங்கிலாந்தில், 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநகரம் அது. 101 உறுப்பினர் கொண்ட மாமன்றம். 1873 முதல் 1876 வரை அங்கே மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் கையிலிருந்த எரிவாயுவையும் குடிநீரையும் நகரத்தின் உடைமையாக்கிக் காட்டினார். நகராட்சி என்பது குப்பை அள்ளும் கூடம் மட்டுமன்று, குடிமக்களின் குடும்பம் என்று காட்டிய ஊர். அந்தப் பர்மிங்காம்தான், 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கட்டாயச் செலவு தவிர வேறெதற்கும் கையில் காசில்லை என்று சட்டத்தின் 114ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டது!

ஏன் வந்தது இந்த நிலை? சமைத்த பெண்ணுக்கும், கூட்டிப் பெருக்கிய பெண்ணுக்கும், முதியோரைப் பேணிய பெண்ணுக்கும் கிட்டாத ஊக்கத்தொகை, அதே தரத்து வேலை செய்த ஆண்களுக்குக் கிட்டியது. 2010இல் தீர்ப்பாயம் பெண்கள் பக்கம் நின்றது. 2012இல் உச்ச நீதிமன்றம், வேலையை விட்டுச் சென்றவர்களும் ஆறாண்டுக் காலத்துக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கிடலாம் என்றது. அதன்பின் மாநகராட்சி கொடுத்தது ஏறத்தாழ 110 கோடி பவுன். அவ்வளவு கொடுத்த பிறகாவது புண் ஆறியதா? இல்லை! இன்னும் 65 கோடி முதல் 76 கோடி பவுன் வரை கொடுக்க வேண்டியிருக்கும் என்று 2023 ஜூனில் மாநகராட்சியே மதிப்பிட்டது.

இது போதாதென்று, கணக்கு எழுதக் கணினி ஏற்பாடு ஒன்று 2022 ஏப்ரலில் வந்தது. 1 கோடியே 90 இலட்சம் பவுன் என்று தொடங்கிய செலவு, 10 கோடியை எட்டும் என்ற நிலைக்கு ஏறிற்று. ஏறியது செலவு மட்டுமே, கணக்கோ எழவில்லை! வரவெவ்வளவு, செலவெவ்வளவு என்று தெரியாமல் ஒரு மாநகரம் திகைத்து நின்றது. கெட்ட செய்தியைச் சொல்பவனுக்கு அங்கே வரவேற்பில்லை என்று பின்னர் தணிக்கையாளர்கள் எழுதினார்கள்.

யார் கட்டினார்கள் அபராதம்? ஆணையிட்டவர்களா? அதிகாரிகளா? இல்லை. 2024 ஏப்ரலில் வீட்டு வரி 9.99 விழுக்காடு ஏறியது. ஈராண்டுகளில் சுமார் 30 கோடி பவுன் செலவுக் குறைப்பு என்றார்கள். கட்டியவர் குடிமகன், இழந்தவர் ஏழை!

கேட்பதற்கு ஆளில்லையா என்பீர்கள். ஆளும் இருந்தது, சட்டமும் இருந்தது! 2000ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்து மன்றங்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு சிலர் அமைச்சரவைபோல் அமர்ந்து முடிவெடுப்பார்கள். மற்ற உறுப்பினர்கள் ஆய்வுக் குழுக்களில் அமர்ந்து அந்த முடிவுகளைத் துருவிப் பார்ப்பார்கள். பொறுப்பாளரை அழைத்துக் கேட்கலாம். அதிகாரியை நிறுத்தி விசாரிக்கலாம். நிறைவேறாத முடிவை நிறுத்தி, மறுபடி எண்ணிப் பார் என்று திருப்பி அனுப்பலாம். இத்தனையும் சட்டம் தந்த உரிமை.

ஆனால், ஆய்வுக் குழுவிலும் கட்சி பலத்துக்கேற்பவே இடம். ஆளுங்கட்சிக்கு மன்றத்தில் பெரும்பான்மை என்றால், குழுவிலும் அதே பெரும்பான்மை! கேட்க வேண்டியவனும் நம் கட்சி. பதில் சொல்ல வேண்டியவனும் நம் கட்சி. "நம்மவரை நாமே கேட்பதா?" என்ற தயக்கம் எங்கே நுழைந்தாலும், அங்கே சட்டம் தாளில் தூங்கும்.

இதை ஒரு கட்சியின் பாவம் என்று தள்ளிவிடாதீர்கள். 2004 முதல் 2012 வரை பர்மிங்காமை நடத்தியது கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி. அதன்பின் நெருக்கடி நாள்வரை நடத்தியது தொழிற்கட்சி. கொடி மாறியது, கேளாமை மாறவில்லை.

பணம் போனால் ஈட்டலாம். ராதர்ஹாமில் போனது பணமன்று. 1997 முதல் 2013 வரை அந்நகரில் ஏறத்தாழ 1,400 குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு இரையானார்கள் என்று 2014இல் அலெக்சிஸ் ஜே தந்த அறிக்கை உலகை உலுக்கியது. மறு ஆண்டு லூயிஸ் கேசி ஆய்ந்து சொன்னார்: அறிக்கைகள் குழுக்களின் முன் வந்துகொண்டுதான் இருந்தன, எதிர்க் கேள்விதான் எழவில்லை. ஆய்வு முறை வேண்டுமென்றே வலுவிழக்கச் செய்யப்பட்டிருந்தது. தாள் வந்தது, கையொப்பம் விழுந்தது, கூட்டம் கலைந்தது. வெளியே ஒரு சிறுமியின் அழுகுரல் எவர் காதிலும் விழாமல் போயிற்று! பழியறிந்ததும் தலைவர்கள் பதவி விலகினார்கள். அரசு அனுப்பிய ஆணையர்கள் வந்து நிர்வாகத்தை ஏற்றார்கள்.

"உள்ளே கேட்டால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா?" என்று என்னிடம் கேட்கும் தோழர்கள் உண்டு. நான் திருப்பிக் கேட்கிறேன்: பர்மிங்காமில் எதிரிக்கு ஆயுதம் தந்தது கேள்வியா, மௌனமா? இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள் என்று அரசனுக்கு அறிவுரை சொன்னவர் வள்ளுவர். அரசனுக்கே அது தேவையென்றால், ஐந்தாண்டு வாடகைக்கு நாற்காலி பெற்றவனுக்குத் தேவையில்லையா?

வேல்ஸ் நாடு இதை உணர்ந்தது. ஆய்வுக் குழுவில் கட்சிக் கொறடாவின் ஆணைக்குக் கட்டுப்பட்டு வாக்களிக்கக் கூடாது என்று 2011இல் சட்டமே செய்தது. கட்சியைக் கலைக்கவா அச்சட்டம்? இல்லை, கட்சியைக் காக்க! மன்றத்தில் கொடி பிடி. ஆய்வுக் குழுவில் விளக்குப் பிடி என்பதுதான் அதன் பொருள்.

நம் ஊருக்கு வருவோம். 1688இல் இங்கிலாந்து நகர மன்றங்களைப் பின்பற்றித் தொடங்கப்பட்டது சென்னை மாநகராட்சி. அங்கே 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கேட்கும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. நாற்காலி காலியாவது கேடு. ஆள் அமர்ந்தும் வாய் திறவாதிருப்பது பெருங்கேடு!

ஆகவே, நாளை மன்றம் புகப்போகும் தோழர்களே, ஒன்று சொல்வேன். 100 புகார் வந்தது, 95 தீர்ந்தது என்று அழகிய அட்டவணை உங்கள் மேசைக்கு வரும். கைதட்டுமுன் கேளுங்கள்: தீர்ந்தது என்று எழுதியவர் யார்? எந்தத் துறை மேல் புகாரோ, அதே துறைதானா? தெருவிளக்கு எரிகிறதா என்று இரவில் போய்ப் பார்த்தவர் எவர்? சென்ற ஆண்டு சொன்ன இலக்கு இந்த ஆண்டு ஏன் காணோம்? ஒப்பந்தத் தொகை இடையில் ஏறியது எப்போது, எவர் ஒப்புதலோடு? விடை கிடைக்கும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். மன்றத்துக்கு வெளியே இருப்போரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ஆண்டுதோறும் 30 வேலை நாட்கள், சாதாரணக் குடிமகனும் நகராட்சிக் கணக்கைப் பார்வையிட உரிமை உண்டு. கணக்கு மக்களுடையது; கேள்வியும் மக்களுடையது.

மாலை சூட்ட ஆயிரம் கைகள் இருக்கின்றன, தோழர்களே. தவறு கண்டபோது உயரும் கை ஒன்று வேண்டும். அது நம் கையாக இருக்க வேண்டும். கடைசி வரிசைக்குச் செல்லுங்கள். குரல் கேட்கவில்லையா? கையைத் தூக்குங்கள், அரங்கேற்றத்துக்கு முன்பே தூக்குங்கள்!