முகம் காணாத பேரக்குழந்தை

ஆடிப்பூர நன்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் கண்டெடுத்த குழந்தையைக் குலம் வினவாது தம் மகளாக்கிக் கொண்டார் பெரியாழ்வார். இன்றோ, அயல்நாட்டில் வாழும் நம்மவர் பாரதத்திலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விழைந்தால், இல்ல ஆய்வறிக்கை, மருத்துவச் சான்று, மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் ஆணை, கடவுச்சீட்டு எனப் படிப்படியாக ஏற வேண்டும். ஆண்டுகள் கழிகின்றன.

'இத்தனை தாள்கள் எதற்கு?' என்று ஊரிலுள்ள மூத்தோர் வெதும்புவது இயல்பே. ஆயினும், குழந்தைகள் கடத்தப்படுவதையும் விற்கப்படுவதையும் தடுக்கவே 1993இல் ஹேக் உடன்படிக்கை உருவாயிற்று. 2003இல் பாரதமும் அதனை ஏற்றது. எந்தத் தாயிடமிருந்தும் வஞ்சித்துப் பறித்த குழந்தையன்று என்பதை உறுதிசெய்யவே இத்தனை ஆய்வுகள்.

ஆகவே, 'எப்போது வரும்?' என்று தொலைபேசியில் நாள்தோறும் வினவி மகன், மருமகளின் நோவைப் பெருக்க வேண்டா. குலம் கேட்கும் உறவினரிடம், 'எங்கள் பேரக்குழந்தை' என்று மட்டும் சொல்லிப் பழகலாம். அந்தியில் விளக்கேற்றுகையில், முகம் காணாத அக்குழந்தைக்காகவும் அதனை ஈன்றவளுக்காகவும் ஒருமுறை இறை நாமம் சொல்லலாம். கோப்பு நகர்வது நம் கையில் இல்லை. வரும் குழந்தைக்கு உள்ளம் கனிந்திருப்பது நம் கையில் உள்ளது.