இருவர் செய்யும் சிறு கார்

மாணவர்களே, ஒருவர் மாதிரி செய்ய, நால்வர் பெயர் எழுதிக்கொள்வது கூட்டு முயற்சி ஆகாது. 2003-இல் உற்பத்தி நின்ற பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 2,400 மி.மீ. 24-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் அது 100 மி.மீ. ஆகும். மாதிரியில் நேரும் அரை மி.மீ. பிழை, அசல் காரில் 12 மி.மீ. பிழைக்குச் சமம்! வண்ணப்பூச்சு 0.1 மி.மீ. தடித்தாலும் கதவின் விளிம்புக் கோடுகள் மங்கிவிடும்.

தன் பிழை தன் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே ஒருவர் அளந்து வெட்டட்டும். ஒட்டுவதற்கு முன் மற்றவர் மீண்டும் அளக்கட்டும். பிறகு வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் கண்டதைப் பிறர் சரிபார்ப்பதே அறிவியலின் முறை. அதை அட்டையும் பசையும் கொண்டே பழகலாம்.