கருப்பு இன்னும் விடவில்லை!

‘அந்தக் காலத்து டி.வி. பேயெல்லாம் இப்போ பார்த்தா சிரிப்புதான் சார் வருது!’ என்கிறார்கள். சிரிக்கட்டும். போன மாதம் தியேட்டரில் பார்த்த பேயின் முகம் இன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா?

தொண்ணூறுகளில் சன் டி.வி.யில் வந்த ‘விடாது கருப்பு’ இலுப்பூர்க்காரனுக்கு இன்னும் மறக்கவில்லை. 2024-ல் மறைந்த இந்திரா செளந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசைத் தொடர். தயாரிப்பு, பாலசந்தரின் மின்பிம்பங்கள். வாரம் ஒரு நாள்தான். மிச்ச ஆறு நாளும் பயம் நம்ம வீட்டிலேயே குடியிருந்தது. கொல்லைப்பக்கம் போகக்கூட துணைக்கு ஆள் தேடினோம்.

காட்டியது என்ன? குதிரை, அரிவாள், இருட்டு. மீதியை நம்ம மனசே எடுத்துக்கொண்டது. 1971-ல் அமெரிக்க டி.வி.க்காக ஸ்பீல்பெர்க் எடுத்த ‘டூயல்’ படத்திலும் இதே கதைதான். லாரி துரத்தும். ஓட்டுகிறவன் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்காகப் பேயின் பல்வரிசை வரைக்கும் காட்டுகிறார்கள். அது பேயா, பற்பசை விளம்பரமா?

‘மூடநம்பிக்கையை வளர்த்த தொடராச்சே’ என்று பகுத்தறிவு நண்பர்கள் கோபிக்கலாம். ஐயா, அது கேட்டதே உங்கள் கேள்வியைத்தான். கொல்வது சாமியா, சாமிக்குப் பின்னால் நிற்கும் மனுஷனா? கோயில் பூசாரிக்கு எதிரே மனநல மருத்துவத்தையும் உட்காரவைத்துப் பேசியது.

எல்லையில் நிற்கும் கருப்பர் யாரையும் சும்மா வெட்டுவதில்லை. அவர் பெயரைச் சொல்லி அரிவாள் எடுக்கிற ஆள்தான் ஆபத்து. அந்தப் பயத்தை எந்த கிராஃபிக்ஸ் பேய் இன்றைக்குச் சொல்லித்தருகிறது? சொல்லுங்க, கேட்டுக்கறேன்.